வடக்கே போகப் போகப் புள்ளி ஏன் மறைகிறது?

பிரிட்டனின் சதுப்பு நிலங்களில் ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் லார்ஜ் ஹீத். அறிவியல் பெயர் சீனோனிம்ஃபா டுல்லியா. லங்காஷயரில் பிடித்த ஒன்றையும் ஸ்காட்லாந்தின் வடகோடியில் பிடித்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதின் இறக்கை அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண்புள்ளிகள்: கருவட்டம், நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றி மஞ்சள் வளையம். இரண்டாவதில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமை. சாம்பல் கலந்த பழுப்பு, அதில் ஒரு வெளிறிய பட்டை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே இனம்னு சொன்னா முதல் பார்வையில் நம்பத் தோன்றாது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அதற்கு என்ன பெயர் வைப்பது, பெயர் வைத்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளைப் பற்றிய குறிப்பு இது. நான் பூச்சியியல் படித்தவன் இல்லை; பி.ஈ. முடித்து சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஓய்வு நேரத்தில் படித்ததை ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிறேன். எனக்கு இதில் ஈர்ப்பு வந்ததற்குக் காரணம் பட்டாம்பூச்சியைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் வகைப்படுத்தல் சிக்கல்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

லார்ஜ் ஹீத் வாழும் இடம் பீட் நிலம். செத்த பாசியும் தாவரங்களும் மட்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறிக் கெட்டிப்பட்ட கறுப்பு மண் அது. அங்கே வளரும் ஒரு கோரை, பருத்தி வெடித்த மாதிரி வெள்ளைப் பஞ்சுத் தலையோடு நிற்கும். புழுவின் முக்கிய உணவு அந்தக் கோரைதான். வருடத்துக்கு ஒரே ஒரு தலைமுறை. புழுவாகவே பனிக்காலத்தைக் கடத்தி, ஜூன், ஜூலை மாதங்களில் பட்டாம்பூச்சியாக வெளிவரும். தொலைதூரம் பறக்கிற ஜாதி இல்லை. பிறந்த சதுப்பிலேயே சுற்றி, அங்கேயே முட்டையிட்டு முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கம் இந்தக் கட்டுரைக்கு ரொம்ப முக்கியம். இது உட்காரும்போது இறக்கையை விரிப்பதில்லை. மூடியே வைத்திருக்கும். குளிர் காய வேண்டுமென்றால் மூடிய இறக்கையின் ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டிச் சாய்ந்துகொள்ளும். ஆகவே ஒரு பறவை, உட்கார்ந்திருக்கும் லார்ஜ் ஹீத்தைப் பார்க்கிறது என்றால் அதன் கண்ணில் படுவது இறக்கையின் அடிப்பக்கம் மட்டும்தான். இங்கே புள்ளிக் கணக்கு எல்லாம் அடிப்பக்கத்தைப் பற்றியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பெயர்கள், ஒரு சரிவு

பிரிட்டனில் இதை மூன்று வடிவங்களாகப் பிரிப்பது வழக்கம்.

டேவஸ்: லங்காஷயர், ஷ்ராப்ஷயர், யார்க்‌ஷயர் ஆகிய இடங்களின் தாழ்நிலச் சதுப்புகளில். பெரிய, பளிச்சென்ற கண்புள்ளிகள். இதன் பழைய செல்லப்பெயர் மான்செஸ்டர் ஆர்கஸ். ஆர்கஸ் என்பவன் கிரேக்கக் கதையில் உடம்பெல்லாம் கண் கொண்ட காவல்காரன்.

பாலிடாமா: வட இங்கிலாந்து, தெற்கு ஸ்காட்லாந்து, மேற்கு வேல்ஸ், அயர்லாந்து. புள்ளிகள் உண்டு, ஆனால் சிறியவை.

ஸ்காடிகா: வட ஸ்காட்லாந்து, ஆர்க்னி தீவுகள். புள்ளி மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை.

ஷ்ராப்ஷயரிலிருந்து ஆர்க்னி வரை சுமார் ஆறு டிகிரி அட்சரேகை வித்தியாசம். நம்ம ஊர்க் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து நெல்லூர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்துக்குள் ஒரு இனத்தின் முகமே மாறிவிடுகிறது.

18, 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் இந்த வடிவங்களைத் தனித்தனி இனங்களாகவே எண்ணிப் பெயர் வைத்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. அவர்கள் மேசைக்கு வந்தது மான்செஸ்டர் பக்கத்தில் கிடைத்த சில மாதிரிகளும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த சில மாதிரிகளும். நடுவில் இருப்பவை வந்து சேரவில்லை. ஒரு கோட்டின் இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால் இரண்டு புள்ளிகள்தானே தெரியும்?

நடுவில் இருப்பவற்றையும் சேகரித்து அடுக்கியபோது எல்லைக்கோடு எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு சதுப்பிலிருந்து அடுத்த சதுப்புக்குச் சராசரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. ஒரே சதுப்புக்குள்ளும் அதிகப் புள்ளி, குறைந்த புள்ளி என்று ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது. இப்படிப் படிப்படியாக நகரும் குணத்துக்கு 1938-ல் ஜூலியன் ஹக்ஸ்லி 'கிளைன்' என்று பெயரிட்டார். சாய்வு என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். தமிழில் 'சரிவு' என்றே சொல்லலாம்.

எங்கள் தொழிலில் இது தினசரி வரும் பிரச்சினை. தொடர்ச்சியாக ஓடும் ஒரு எண்ணை எடுத்து, 0 முதல் 2 வரை 'குறைவு', 3 முதல் 4 வரை 'நடுத்தரம்' என்று பக்கெட் போடுவோம். ரிப்போர்ட் பார்க்கச் சுத்தமாக இருக்கும். நாளாக ஆக, பக்கெட்டுக்கு நாம் வைத்த பெயர் டேட்டாவிலேயே இருந்த பெயர் மாதிரி ஆகிவிடும். டேவஸ், பாலிடாமா, ஸ்காடிகா மூன்றும் பேசுவதற்கு வசதியான பக்கெட்டுகள். அவற்றுக்கு நடுவில் இயற்கை வேலி எதுவும் போடவில்லை.

வடக்கு என்றால் என்ன?

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒன்று இடிக்கும்.

மேற்கு வேல்ஸில் கோர்ஸ் காரோன் என்று ஒரு பெரிய சதுப்பு இருக்கிறது. ஷ்ராப்ஷயரின் விக்சால் சதுப்பைவிட அது தெற்கே இருக்கிறது. வடக்கே போகப் போகப் புள்ளி குறையும் என்ற விதி சரியென்றால் கோர்ஸ் காரோன் பட்டாம்பூச்சிக்கு விக்சாலைவிடப் பெரிய புள்ளிகள் இருக்க வேண்டும். ஆனால் விக்சாலில் டேவஸ், வேல்ஸில் பாலிடாமா. அயர்லாந்தும் அப்படியே. லங்காஷயரின் அதே அட்சரேகையில் இருந்துகொண்டு புள்ளி குறைந்த வடிவத்தைக் காட்டுகிறது.

எனவே அட்சரேகை காரணமாக இருக்க முடியாது. அது வேறு எதையோ சுட்டும் நிழல். வட ஸ்காட்லாந்து, மேற்கு வேல்ஸ், அயர்லாந்து மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகம், மழை, காற்று, வெயில் குறைந்த கோடை. லங்காஷயர், ஷ்ராப்ஷயர் தாழ்நிலம் ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான இடம்.

புள்ளியின் எண்ணிக்கையை அட்சரேகைக்கு எதிராக கிராஃப் போட்டால் அழகான கோடு வரும். திருப்தியாக எழுந்து போய்விடலாம். கோட்டை விட்டு விலகி நிற்கும் வேல்ஸைத்தான் கவனிக்க வேண்டும். காரணத்துக்கான துப்பு அங்கேதான் கிடைக்கிறது.

புள்ளி என்ன வேலை செய்கிறது?

இறக்கை ஓரத்தில் உள்ள சின்னக் கண்புள்ளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வேலை, அடியைத் திசை திருப்புவது. பறவை கண் இருக்கும் இடம் தலை என்று நினைத்துக் கொத்துகிறது. கிடைப்பது இறக்கையின் ஒரு துண்டு. பட்டாம்பூச்சி கிழிந்த இறக்கையோடு தப்பிவிடுகிறது. லார்ஜ் ஹீத்தின் சதுப்புகளில் முக்கிய எதிரி மெடோ பிப்பிட் என்ற குருவி. நம்ம ஊர் நெட்டைக்காலியின் சொந்தக்காரன். அலகின் தடம் பதிந்த இறக்கைகளோடு லார்ஜ் ஹீத் பறப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது வெறும் ஊகம்தானா என்று கேட்கலாம். 2010-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுவீடனில் வாழும் இன்னொரு ஓரக்கண்புள்ளிக்காரனான லோபிங்கா அகைனி என்ற பட்டாம்பூச்சியை நீலச் சிட்டுப் பறவைகளிடம் காட்டினார்கள். வெளிச்சம் குறைவாகவும் அதில் புறஊதாக் கதிர் கலந்தும் இருக்கும்போது பறவைகள் தலையை விட்டுப் புள்ளிப் பக்கம் கொத்துவது கூடியது. பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்த ஏமாற்று எடுபடவில்லை. ஆக, புள்ளி வேலை செய்கிறது. ஆனால் எல்லா நேரத்திலும் இல்லை.

புள்ளிக்கு ஒரு விலையும் உண்டு. புல்லுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்குக் கண்புள்ளி ஒரு விளம்பரப் பலகை. மறைந்திருப்பதுதான் நோக்கம் என்றால் புள்ளி இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்த இரண்டையும் சேர்த்து 1980-களில் ரோஜர் டென்னிஸும் கூட்டாளிகளும் ஒரு விளக்கம் சொன்னார்கள். வெயில் அடிக்கும் இடத்தில் பட்டாம்பூச்சி சுறுசுறுப்பாக இருக்கும். பறக்கும், பூவில் உட்காரும், ஜோடி தேடும். அசையும் பூச்சி எப்படியும் பறவையின் கண்ணில் படும். ஒளிந்து பயனில்லை, அடியைத் திருப்பிவிடுவதே புத்தி. அங்கே புள்ளிக்கு மதிப்பு. மேகமும் குளிருமான இடத்தில் அதே பட்டாம்பூச்சி நாளின் பெரும்பகுதி உடல் சூடேறாமல் புல்லுக்குள் முடங்கிக் கிடக்கும். பறவை வந்தால் தப்பிப் பறக்கவும் முடியாது. அங்கே கண்ணில் படாமல் இருப்பதே உயிர். புள்ளி அங்கே பாரம்.

இந்த விளக்கம் வேல்ஸையும் அயர்லாந்தையும் தன்னுள் அடக்கிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது. அட்சரேகை விதியில் விதிவிலக்காக நின்றவை, வெயில் விதியில் சாதாரண உறுப்பினர்கள் ஆகிவிடுகின்றன.

இதே கணக்கை நம்ம வீட்டிலும் பார்க்கலாம். சாயங்கால நேரத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடும் பெரிய பழுப்புப் பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். காமன் ஈவினிங் பிரவுன். மழைக்காலத்தில் வருவதற்கு இறக்கை அடியில் கண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் வருவதற்குப் புள்ளி மங்கி, அச்சு அசல் காய்ந்த சருகு. மழைக்காலத்தில் பச்சைக்கு நடுவில் சுறுசுறுப்பு. வறட்சியில் சருகுக்கு நடுவில் அசையாத இருப்பு. லார்ஜ் ஹீத்தும் இதுவும் ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்தவை. அங்கே இடத்துக்கு இடம் நடப்பது, இங்கே பருவத்துக்குப் பருவம் நடக்கிறது.

எல்லாம் பறவை வேலை இல்லை

இறக்கையில் உள்ள எல்லா வேறுபாட்டுக்கும் பறவையைக் காரணம் காட்டிவிடக் கூடாது. இறக்கை ஒரு சோலார் பேனலும்கூட.

கோலியாஸ் என்ற மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வட அமெரிக்காவிலும் ஆர்க்டிக் பகுதியிலும் உண்டு. இவையும் மூடிய இறக்கையை வெயிலுக்குக் காட்டிக் குளிர் காய்பவை. பறப்பதற்கு உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற வேண்டும். 1968-ல் வார்ட் வாட் காட்டியது இது: குளிர்ந்த இடத்து கோலியாஸுக்குப் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில், உடலை ஒட்டிய பகுதியில், கருஞ்செதில்கள் அதிகம், அந்தக் கறுப்பு உடலைச் சீக்கிரம் சூடாக்குகிறது. இறக்கை முழுவதும் கறுக்கத் தேவையில்லை. மெல்லிய இறக்கை நுனியிலிருந்து வெப்பம் உடலுக்கு வந்து சேராது. உடலை ஒட்டிய இடம் கறுத்தால் போதும்.

அதனால் 'வடக்கே இருப்பவை கறுப்பு' என்று மொட்டையாகச் சொல்வதில் பயன் கம்மி. இறக்கையின் எந்தப் பக்கம், எந்த இடம் என்று கேட்க வேண்டும். ஓரத்தில் மாற்றம் என்றால் பறவையைச் சந்தேகப்படலாம். உடலை ஒட்டிய இடத்தில் மாற்றம் என்றால் வெப்பத்தைச் சந்தேகப்படலாம். ஒரே இறக்கையில் இரண்டு குணங்கள் இரண்டு காரணங்களுக்காக, வேறு வேறு வேகத்தில் மாறலாம்.

பிறப்பா, வளர்ப்பா?

இன்னொரு கேள்வி பாக்கி. இரண்டு ஊர்ப் பட்டாம்பூச்சிகள் வேறு மாதிரி இருந்தால், அது மரபணுவில் எழுதப்பட்ட வித்தியாசமா, அல்லது வளர்ந்த சூழலின் விளைவா?

ஈவினிங் பிரவுன் விஷயத்தில் சூழல்தான் முக்கியம். ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனைனானா என்ற சொந்தக்காரனை வைத்து ஆய்வுக்கூடத்தில் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாயின் புழுக்களைப் பிரித்து, ஒரு பகுதியை 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண்புள்ளி. 20 டிகிரிக்குக் கீழே வளர்த்தால் சின்னப் புள்ளி. மரபணு ஒன்றே, வெளிப்பாடு இரண்டு. ஒரே புரோகிராமுக்கு வேறு கான்ஃபிக் ஃபைல் கொடுத்த மாதிரி.

கோலியாஸிலும் இது உண்டு. கலிஃபோர்னியாவில் வாழும் கோலியாஸ் யூரிதீம் புழுக்களைக் குறுகிய பகல் நேரத்தில் வளர்த்தால் கறுப்பு கூடிய இறக்கை வருகிறது என்று 1973-ல் ஹாஃப்மன் காட்டினார். பகல் குறைகிறது என்றால் குளிர் வருகிறது என்று பூச்சிக்கு அர்த்தம்.

இரண்டையும் பிரித்தறிய வழி ஒன்றுதான்: இரண்டு ஊரின் முட்டைகளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே வெப்பத்தில், ஒரே பகல் நேரத்தில் வளர்த்துப் பார்ப்பது. வித்தியாசம் மறைந்துவிட்டால் அது சூழலின் வேலை. நீடித்தால் மரபில் இருக்கிறது. சொல்ல எளிது. வருடத்துக்கு ஒரே தலைமுறை கொண்ட, சதுப்புக் கோரை தின்னும் பூச்சியை வைத்துச் செய்ய வேண்டுமானால் பொறுமை வேண்டும்.

ஒரு வெள்ளைப் பொட்டின் கதை

பெயர் வைப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எடின்பரோ நகரத்துக்குள்ளேயே ஆர்தர்ஸ் சீட் என்று ஒரு பழைய எரிமலைக் குன்று இருக்கிறது. அங்கிருந்து கிடைத்த ஒரு சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சிக்கு 1793-ல் ஃபாப்ரிசியஸ் அர்டாக்செர்க்சஸ் என்று பெயர் வைத்தார். இவர் லின்னேயஸின் மாணவர். பாரசீக அரசனின் பெயர்; பூச்சி கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் சிறப்பு, முன்னிறக்கையின் மேல்பக்கத்தில் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. தெற்கு இங்கிலாந்தில் வாழும் அதன் ஜோடியான அஜெஸ்டிஸுக்கு அதே இடத்தில் கரும்புள்ளி. வித்தியாசம் கண்ணில் அடித்துச் சொல்லும்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் கடலோரத்தில் உள்ள காசில் ஈடன் டீன் பள்ளத்தாக்கில் மூன்றாவது ஒன்று கிடைத்தது. வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் இல்லை. அதற்கு ஸ்டீஃபன்ஸ் என்பவர் சால்மாசிஸ் என்று பெயர் கொடுத்தார். மூன்று வடிவம், மூன்று பெயர். பின்னாளில், இவை எல்லாம் ஒரே இனத்தின் சரிவுதான் என்ற கருத்து வலுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள்.

1960-களில் டென்மார்க்கின் ஹோக்-குல்ட்பெர்க்கும் இங்கிலாந்தின் ஜார்விஸும் இவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். இறக்கையை விட்டு வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தார்கள். தெற்கின் அஜெஸ்டிஸுக்கு வருடத்தில் இரண்டு தலைமுறை. வடக்கின் அர்டாக்செர்க்சஸுக்கு ஒன்று. இனம் இரண்டு என்ற முடிவு வந்தது. டர்ஹாம் வடிவம் வடக்கோடு சேர்க்கப்பட்டது.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்தப் புகழ்பெற்ற வெள்ளைப் பொட்டு அர்டாக்செர்க்சஸ் இனத்தின் அடையாளமே இல்லை. ஸ்காண்டிநேவியாவிலும் ஐரோப்பாவின் மற்ற இடங்களிலும் வாழும் அதே இனத்துக்குப் பொதுவாக அந்தப் பொட்டு கிடையாது. ஸ்காட்லாந்தின் உள்ளூர் வழக்கு அது. எந்தக் குணத்தைப் பார்த்து இனத்துக்குப் பெயர் வைத்தார்களோ, அந்தக் குணம் இனத்தின் பெரும்பகுதியில் இல்லை.

மரபணு ஆய்வுகள் வந்தபிறகு படம் இன்னும் கலங்கியது. வட இங்கிலாந்தில், வடக்கும் தெற்கும் சந்திக்கும் பகுதியில், தலைமுறை எண்ணிக்கை ஒரு இடத்தில் மாறுகிறது, மரபணுக் குறி இன்னொரு இடத்தில் மாறுகிறது, இறக்கைக் குறி வேறோர் இடத்தில். எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அதை எல்லை என்று சொல்லலாம். இங்கே கோடுகள் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு கூட்டமும் அங்கே கலந்திருக்கின்றன.

அந்த வெள்ளைப் பொட்டுக்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. ஆர்தர்ஸ் சீட் பட்டாம்பூச்சி 'அபூர்வம்' என்று பெயர் எடுத்ததால் சேகரிப்பாளர்கள் அங்கே படையெடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் குன்றில் அது இல்லாமல் போனது. மேய்ச்சல் போன்ற காரணங்களும் சொல்லப்படுகின்றன. ஆனால் சேகரிப்பை யாரும் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. தனிப் பெயர் ஒரு பூச்சிக்குச் சந்தை விலையும் வைத்துவிட்டது.

இப்போது இது ஏன் முக்கியம்?

மான்செஸ்டர் ஆர்கஸுக்கு வருவோம். அதன் சொந்த ஊரான மான்செஸ்டர் சதுப்புகள் வடிக்கப்பட்டு விளைநிலமாயின, பீட் வெட்டி விற்கப்பட்டது. பட்டாம்பூச்சியும் போயிற்று. சுமார் 150 வருடங்களுக்குப் பிறகு, 2020-ல், மீட்டெடுக்கப்பட்ட ஆஸ்ட்லி மாஸ் சதுப்பில் அதை மறுபடி விட்டார்கள். செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் வளர்த்தவை. தாய்ப்பூச்சிகள் வந்தது லங்காஷயரிலேயே உள்ள வின்மார்லி மாஸிலிருந்து.

ஏன் லங்காஷயரிலிருந்து? லார்ஜ் ஹீத் ஸ்காட்லாந்தில் நிறைய கிடைக்கிறதே, அங்கிருந்து கொண்டுவந்தால் சுலபம்தானே? நாம் இதுவரை பார்த்ததெல்லாம் இதற்குப் பதில். புள்ளி என்பது உள்ளூர் வெயிலோடும் உள்ளூர்க் குருவியோடும் போட்ட கணக்கின் விடை என்றால், ஆர்க்னியின் விடையை லங்காஷயர் கேள்விக்கு எழுத முடியாது. சரிவில் பக்கத்தில் இருப்பதை எடுப்பதுதான் பாதுகாப்பு. இங்கே 'டேவஸ்' என்ற பக்கெட் பெயர் உதவியாக இருக்கிறது: எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. அதே பெயரைத் தனி இனம் போல நடத்தினால் கெடுதல். சரிவின் நடுவில் இருக்கும் கூட்டங்கள் 'எந்தப் பெயருக்கும் சரியாகப் பொருந்தாதவை' என்று ஒதுக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது, சரிவே நகர்கிறது. கிரீன்லாந்தின் வடகிழக்கில் 74 டிகிரி அட்சரேகையில் உள்ள சாக்கன்பெர்க் நிலையத்தில் 1996 முதல் 2013 வரை பிடித்த இரண்டு பட்டாம்பூச்சி இனங்களின் இறக்கைகளை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். கோடை வெப்பம் கூடக் கூட இரண்டு இனத்திலும் இறக்கை நீளம் குறைந்திருக்கிறது. இடத்துக்கு இடம் பார்த்த மாற்றம், ஒரே இடத்தில் வருடத்துக்கு வருடம் நடக்கிறது.

பிரிட்டனில் தெற்கின் அஜெஸ்டிஸ் 20 வருடத்தில் சுமார் 79 கிலோமீட்டர் வடக்கே பரவியதாக 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. வெப்பம் கூடியதால், முன்பு அதிகம் பயன்படுத்தாத ஜெரேனியச் செடிகளிலும் அதனால் புழு வளர்க்க முடிகிறது. அது வடக்கே போகப் போக அர்டாக்செர்க்சஸைச் சந்திக்கும் இடங்கள் கூடும், கலப்பும் கூடலாம். 1793-ல் வரைந்து வைத்த ஸ்காட்லாந்து இறக்கையும் இன்றைய வட இங்கிலாந்து இறக்கையும் ஒப்பிடத்தக்க ஆவணங்கள் ஆவது இப்படித்தான். நேற்று எங்கே எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் இன்று நகர்ந்ததா என்று சொல்ல முடியாது.

அளக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பிரிட்டன், அயர்லாந்துப் பட்டாம்பூச்சி மாதிரிகளில் 1,80,000-க்கு மேல் படமெடுத்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் உலகம் முழுக்க மக்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும், வீட்டிலிருந்தே அளக்கலாம். நான் வைத்துக்கொண்டிருக்கும் விதிகள் இவை:

1. 'டேவஸ்' என்று எழுதாதீர்கள். 'பின்னிறக்கை அடிப்பக்கம், புள்ளி 5' என்று எழுதுங்கள். எண்ணிலிருந்து பெயருக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். பெயரிலிருந்து எண்ணுக்குத் திரும்ப முடியாது.

2. ஆண், பெண் பிரித்துக் கணக்கிடுங்கள். புள்ளியும் அளவும் இரண்டுக்கும் வேறுபடலாம். ஒரு ஊரில் ஆண் படங்களும் இன்னொரு ஊரில் பெண் படங்களும் அதிகமானால், இல்லாத ஊர் வித்தியாசம் முளைத்துவிடும்.

3. பழைய சேகரிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். சேகரிப்பாளர்கள் விசித்திரமானவற்றைத் தேடிப் பிடித்தார்கள். சாதாரணமானதை விட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் விகிதம் சதுப்பில் இருந்த விகிதம் அல்ல.

4. செதில் உதிர்ந்த இறக்கையில் புள்ளி மங்கும். ஜூலைக் கடைசியில் எடுத்த படத்தையும் ஜூன் தொடக்கத்தில் எடுத்ததையும் ஒப்பிடும்போது தேதியைப் பாருங்கள்.

5. அட்சரேகையோடு மட்டும் கிராஃப் போடாதீர்கள். வெயில், மழை, உயரம் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் ஊர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஈவினிங் பிரவுன் நம்ம ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்த விதிகளை அதற்கும் அப்படியே பயன்படுத்தலாம். அடுத்த முறை டியூப்லைட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், விரட்டுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். தேதியும் ஊரும் சேர்த்துப் பதிவிடுங்கள். ஒரு வருடம் தொடர்ந்து எடுத்தால், புள்ளி எந்த மாதத்தில் மங்கி எந்த மாதத்தில் திரும்புகிறது என்று உங்கள் ஊருக்கான கிராஃப் உங்கள் கையில் இருக்கும்.